நாலில் ஒரு வளையம்

ஜனவரி 6

அன்புள்ள அப்பாவுக்கு,

சில்வண்டு எழுதுகிறேன். நான் சௌக்கியம். கையில் இரண்டு நகம் மட்டும் இல்லை, வளர்ந்துவிடும். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மா இன்னும் என்னை "உங்க பொண்ணு" என்றுதான் சொல்கிறாளா?

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பட்டறையில் செப்பனிட்ட பாய்மரப் படகு ஒன்றைச் சொந்தக்காரரிடம் ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். மூன்று பேர் போகிறோம். கேப்டன் அம்மா, சமையலுக்கு வாத்தியார் (ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், உப்பைக்கூட அளந்துதான் போடுவார்), அப்புறம் நான். நடுவில் ஒரே ஒரு துறைமுகம். மொத்தம் மூன்று மாதம்.

கத்தாதீர்கள். இந்தப் பக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டவும் வேண்டாம்.

உங்களிடம் ஒரு வேலை இருக்கிறது. படகின் மேல்தளத்தில் இரண்டு ஓரமும் முன்னாலிருந்து பின்னால் வரை தட்டையான பட்டை ஒன்று ஓடும். உயிர்ப்பட்டை என்போம். மார்பில் கட்டிய வாரின் கொக்கியை அதில் மாட்டிக்கொண்டுதான் வெளியே காலெடுத்து வைக்க வேண்டும். நாம் நடக்க நடக்கக் கொக்கியும் கூடவே வழுக்கிக்கொண்டு வரும். அலை அடித்துத் தள்ளினாலும் படகோடுதான் இருப்போம். கயிறு என்றால் காலுக்கடியில் உருளும், பட்டை உருளாது.

கடையில் தைத்தே விற்கிறார்கள். எனக்கு நீங்கள் தைத்தது வேண்டும். லாரியில் பத்து டன் இரும்பைக் கட்டிப்போட்ட கை அது, என்னைக் கட்டிப்போடாதா?

அளவு: முப்பத்திரண்டு அடியில் இரண்டு பட்டை. படகு நாற்பதடி. ஆனால் பட்டை பின்முனைக்குக் கொஞ்சம் முன்னாலேயே முடிய வேண்டும். இல்லாவிட்டால் விழுந்தவர் படகுக்குப் பின்னால் தண்ணீரில் இழுபடுவார். இரண்டு பட்டைக்கும் இரண்டு முனையிலும் வளையம். ஆக நாலு வளையம். வெள்ளைப் பட்டை, கறுப்பு நூல். ஒரு தையல் விட்டாலும் உடனே கண்ணில் பட வேண்டும். நூல் பாலியஸ்டர் மட்டும். ஒரு வருஷம் வெயிலும் உப்பும் தாங்கும், பிறகு மாற்றிவிடுவோம்.

பதிலைச் சீக்கிரம் போடுங்கள். வேண்டாம் என்று எழுதாதீர்கள்.

உங்கள்
சில்வண்டு


ஜனவரி 19

அன்புள்ள சில்வண்டுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் தையல் மிஷினும் நலம். மூன்றில் அதிகச் சத்தம் போடுவது எது என்று எழுத மாட்டேன், ஏனென்றால் இதைத் தபாலில் போடப் போவது அவள்தான். நகத்துக்கு எண்ணெய் தடவு.

நீ வாசிக்க வேண்டாம் என்ற பக்கத்தைத்தான் அவள் முதலில் வாசித்தாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் கடிதம் மேஜையில் விரித்துக் கிடந்தது, மேலே கரண்டி வெயிட்டாக. "முப்பத்திரண்டு அடி எதுக்கு? ரெண்டடி போதும். வாசக்கதவுல கட்டிப்போட்டா எந்தக் கடலும் ஒண்ணும் பண்ணாது" என்றாள். அப்புறம் ஒரு நாள் முழுக்கப் பேச்சில்லை. நான் அந்த அமைதியைப் பயன்படுத்திக்கொண்டு பட்டை வாங்கப் போய்விட்டேன்.

சில்வண்டே, நான் ஒன்பதாம் வகுப்பை வாசலோடு பார்த்துவிட்டுத் திரும்பியவன். கடல் எனக்குத் தெரியாது. தார்ப்பாய் தெரியும், லாரி சீட் தெரியும், பட்டை தெரியும். வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷத்தில் நீ என்னிடம் கேட்ட முதல் பொருள் இது. வேண்டாம் என்று எழுத எனக்கு எழுத்தே வராது.

பந்தயம் வைத்துக்கொள். என் தையல் விட்டால் மீசையை எடுத்துவிடுகிறேன். உன் அம்மா என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததே இந்த மீசையைப் பார்த்துத்தான் என்று உனக்குத் தெரியும், ஆகவே சின்னப் பந்தயம் இல்லை. இப்போது வலது பக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. நூல்முனையைச் சுடுகிற தீக்குச்சி முன்போல என் பேச்சைக் கேட்பதில்லை, கருக்கிவிட்டது.

இந்த மாதம் முடிவதற்குள் பார்சல் வரும். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்
அப்பா


பிப்ரவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லோரும் சுகமா? நான் சுகம். பார்சல் வந்தது. பட்டைக்கு நடுவில் சுருட்டி வைத்திருந்த கம்பளிக் குல்லாயும் வந்தது. அதை வைத்தது நீங்கள் இல்லை என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு அவ்வளவு அழகாக மடிக்கத் தெரியாது. வைத்தவளிடம் சொல்லுங்கள், காதுவரை மூடுகிறது.

பட்டையை நேற்று மாட்டினோம். முந்தாநாளே மாட்டியிருக்க வேண்டியது, சின்ன வேலை ஒன்று இருந்ததால் ஒரு நாள் தள்ளிப்போனது. முதலில் இரண்டையும் தண்ணீரில் ஊறவைத்தோம். காய்ந்த பட்டையை இறுக்கிக் கட்டினால் கடலில் நனைந்ததும் தொய்ந்துவிடும். முன்வளையத்தைப் படகின் மூக்கில் இருக்கிற இரும்புக் கொம்பில் மாட்டி, கம்பங்களைத் தாங்குகிற கம்பிகளுக்கு உள்பக்கமாகவே கொண்டுவந்து, பின்வளையத்தை மெல்லிய கயிற்றால் ஏழு சுற்றுச் சுற்றி இழுத்துக் கட்டினேன். கேப்டன் அம்மா நடுவில் நின்று காலால் மிதித்துப் பார்த்தார். "இன்னும்" என்றார். இழுத்தேன். "இன்னும்." நாலாவது தடவை ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் பாராட்டு.

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு நடக்கச் சொன்னார். அறையிலிருந்து தலையை நீட்டும்போதே கொக்கியை மாட்டி, மூக்குவரை போய்த் திரும்பி வர வேண்டும். பத்துத் தடவை. வாத்தியார் ஓரமாக உட்கார்ந்து தையலை எண்ணி, அங்குலத்துக்கு ஆறு என்று மார்க் போட்டார். உங்கள் தையல் இரும்பு, அப்பா.

இருபதாம் தேதி கிளம்புகிறோம். நடுத் துறைமுகத்தின் முகவரியை உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன். மார்ச் இருபதுவாக்கில் அங்கே இருப்போம்.

ஒரு விஷயம். அம்மா புதுத்திரை போட்டதாகப் பக்கத்து வீட்டு அக்கா எழுதினாள். என்ன நிறம்? கடைக்கு எதிரே ஏதோ மாடி கட்டுகிறார்களாமே, போர்டில் என்ன எழுதியிருக்கிறது? சும்மாதான் கேட்கிறேன். ஊர் ஞாபகம்.

உங்கள்
சில்வண்டு


பிப்ரவரி 22

அன்புள்ள சில்வண்டுக்கு,

நீ கிளம்பி இரண்டு நாள் ஆகியிருக்கும். இந்தக் கடிதம் உனக்கு முன்னாலேயே போய்த் துறைமுகத்தில் காத்திருக்கட்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன்.

குல்லாய் விஷயத்தைச் சொன்னேன். "எந்தக் குல்லாய்? எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். ஆனால் ரேடியோவில் வானிலை வருகிற நேரத்துக்கு அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்கிறாள். கடல் கொந்தளிப்பு என்று சொன்னால் என்னை முறைக்கிறாள். நான்தான் ஊதிக் கொந்தளிக்க வைத்தேனாக்கும்.

திரை நிறத்தை உன் அம்மாவிடம் கேள். ஆம்பிளைக்குத் திரை என்றால் திரை, அவ்வளவுதான். எதிர் மாடி போர்டில் என்னமோ எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு யாரும் உள்ளே போனதாகத் தெரியவில்லை. நீ என்ன, மக்கள்தொகைக் கணக்கா எடுக்கிறாய்?

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மிஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்கிறது, எழுந்தால் உட்காரச் சொல்கிறது. லாரி ஸ்டாண்டு வரை போய் ஒரு டீ குடித்துவிட்டு, எதற்கு வந்தோம் என்று யோசித்துக்கொண்டே திரும்பி வருகிறேன். நேற்று திறந்திருந்த அலமாரிக் கதவு நெற்றியில் இடித்துவிட்டது. உன் அம்மா மஞ்சளை வைத்து அழுத்தினாள், வலித்தது கதவு இடித்ததைவிட அதிகம்.

கொக்கியை மாட்டாமல் வெளியே வராதே.

அன்புடன்
அப்பா


மார்ச் 3

சில்வண்டுக்கு,

இதை முதலில் படி. மற்றக் கடிதத்தை அப்புறம் படிக்கலாம்.

இன்று காலை மெத்தைக் கடைக்காரர் ஒரு உறை தைக்கச் சொல்லி வந்தார். மெத்தைக்குக் கறுப்புப் பருத்தி நூல் போடுவேன். அந்த நூல் கோனைத் தேடினேன். அது பாலியஸ்டர் கோன் இருக்க வேண்டிய தட்டில் இருந்தது. நூல்முனையைச் சுட்டுப் பார்த்தேன், சாம்பலானது; போன வருஷம் பிரிக்காமல் வைத்த பருத்திக் கோன் அது. இப்போது பிரித்திருக்கிறது, கொஞ்சம் குறைந்திருக்கிறது. இந்த வருஷம் நான் மெத்தையே தைக்கவில்லை.

யோசித்துப் பார்த்தேன். உன் பட்டைக்கு மூன்று வளையம் முடித்ததும் நூல் தீர்ந்தது. எழுந்து டீ குடித்தேன். வந்து கோன் மாற்றினேன். நாலாவதைத் தைத்தேன். அந்த நாலாவது பருத்தி, அம்மா. பருத்தி நூல் உப்பில் ஊறி வெயிலில் காய்ந்தால் ஒரு மாதத்தில் பொடிந்துவிடும். மெத்தைக்குப் போதும். ஆளுக்குப் போதாது.

நாலில் எது என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரே மாதிரி மடித்துத்தான் அனுப்பினேன். வலதா இடதா, முன்னா பின்னா, தெரியாது.

நீ செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு வளையத்திலும் தொங்குகிற நூல்முனையில் தீக்குச்சியைக் காட்டு. உருகி மணி மாதிரி திரண்டால் அது பாலியஸ்டர். எரிந்து சாம்பலானால் அதுதான். அந்தப் பட்டையைக் கழற்றி எறி.

துறைமுக ஆபீசுக்கு டெலிபோன் செய்தேன். படகு போய்ப் பன்னிரண்டு நாளாயிற்று, அந்தப் படகின் ரேடியோ இவ்வளவு தூரம் எட்டாது என்றார்கள். "அவசரமா சார்?" என்று கேட்டார் அந்தத் தம்பி. ஆமாம் என்றேன். "அடுத்த துறைமுகத்துக்குத் தகவல் சொல்லி வைக்கிறேன்" என்றார். நீ போய்ச் சேர்ந்த பிறகு கிடைக்கிற தகவல் எதற்கு?

உன் அம்மாவிடம் சொல்லவில்லை.

அப்பா


மார்ச் 5, கடலில்

அன்புள்ள அப்பாவுக்கு, அம்மாவுக்கும்தான்,

ஒரு மீன்பிடிப் படகு பக்கத்தில் வந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள், நாங்கள் தபால் போடுவீர்களா என்று கேட்டோம். ஐந்து நிமிஷம் இருக்கிறது. மூவரும் சுகம். வாத்தியார் மட்டும் முதல் வாரம் சமைத்ததைவிட வாந்தியெடுத்தது அதிகம். அதையும் எண்ணி வைத்திருக்கிறார்.

என் பாதி வாழ்க்கை இடப்பக்கப் பட்டையில்தான். பாய் சிக்கிக்கொண்டால் இடது ஓரமாகத்தான் மூக்குக்குப் போக வேண்டும். நேற்று பகலெல்லாம் காற்று. முன்பாயைச் சுருட்டுவதற்குள் இரண்டு கையும் போதவில்லை, உடம்பு முழுக்கப் பட்டையில் சாய்த்துத் தொங்கிக்கொண்டே கட்டினேன். கேப்டன் அம்மா பின்னாலிருந்து "பிடி, பிடி" என்று கத்தினார். நான் எதைப் பிடிக்க? எங்கப்பா தையல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று திருப்பிக் கத்தினேன்.

படகுக்காரர் கை நீட்டுகிறார்.

சில்வண்டு


மார்ச் 19

சில்வண்டுக்கு,

மீன்காரர் போட்ட கடிதம் நேற்று வந்தது. உன் அம்மா அதை நாலு தடவை வாசிக்கச் சொன்னாள். தையல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்ற வரி வரும்போதெல்லாம் அவள் என்னைப் பெருமையாகப் பார்க்கிறாள். இத்தனை வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை. எனக்குக் கழிவறைக்குப் போய் நிற்க வேண்டியிருந்தது.

மூன்றாம் தேதிக் கடிதத்தில் கோன் மாறிவிட்டது என்று எழுதினேன். ஏன் மாறியது என்று எழுதவில்லை. கவனப்பிசகு என்று நீ நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு வலது கண் தெரியவில்லை, அம்மா. ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. புகை மூடின கண்ணாடி மாதிரி. இடது கண்ணும் இப்போது அதே வழியில் போகிறது. கறுப்பு நூலில் பருத்திக்கும் பாலியஸ்டருக்கும் பளபளப்பில் வித்தியாசம் தெரியும், எனக்கு அது தெரியவில்லை. நூல்முனையைச் சுட்டுப் பார்த்திருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும். முப்பது வருஷமாகச் சுடாமல் ஒரு தையலை விட்டதில்லை. விரலையும் மீசையையும் சுட்டுக்கொண்ட பிறகு விட்டுவிட்டேன். பல்லால் கடித்துப் போட்டேன்.

திரையின் நிறம் எனக்குத் தெரியாது. எதிரே போர்டு இருப்பதே நீ எழுதித்தான் தெரியும்.

கண் போய்விட்டது என்றால் கடை போய்விட்டது என்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. நீ கேட்டபோதாவது, என்னால் முடியாது கண்ணு, கடையிலேயே வாங்கிக்கொள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். அப்பா தைத்தது வேண்டும் என்று கேட்டுவிட்டாய். அந்த ஆசை.

இருபது ஆகப் போகிறது. துறைமுகத்துக்கு வந்துவிட்டாயா? வந்ததும் ஒரு வரி போடு. "வந்தேன்" என்று மட்டும் போட்டால் போதும்.

அப்பா


மார்ச் 26

அன்புள்ள அப்பாவுக்கு,

வந்தேன்.

நேற்று மாலைதான் வந்து சேர்ந்தோம். ஐந்து நாள் தாமதம், காற்று சரியில்லை. ஆபீசில் உங்கள் மூன்று கடிதமும் இருந்தன, கூடவே "உங்கள் தகப்பனார் மிக அவசரம்" என்று ஒரு சீட்டும். சீட்டைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நின்ற இடத்திலேயே உறைகளைக் கிழித்தேன். நல்ல ஆள் நீங்கள்.

அப்பா, அந்த நாலாவது வளையம் எது என்று எனக்குப் பிப்ரவரி ஒன்பதாம் தேதியே தெரியும். இடது பட்டை, முன்பக்கம்.

பார்சலைப் பிரித்ததும் முதலில் நூல்முனையைத்தான் பார்த்தேன். சின்ன வயதில் அந்தக் கறுப்பு மணிகளைத் தடவிக்கொண்டே உங்கள் மேஜைக்கடியில் தூங்கியவள் நான். ஒன்றில்கூட மணி இல்லை. பல்தடம் இருந்தது. எங்கப்பா சுடாமல் விடமாட்டாரே என்று நானே நாலிலும் தீக்குச்சி வைத்தேன். மூன்று உருகித் திரண்டன. ஒன்று சாம்பலாகிவிட்டது. கேப்டன் அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "யார் தைத்தது?" என்றார். "அப்பா" என்றேன். பெரிய ஊசியையும், உள்ளங்கையில் மாட்டுகிற தோலையும், நல்ல நூலையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். பிரித்துவிட்டுக் கையாலேயே தைத்தேன். ஒரு நாள் தள்ளிப்போனது என்று எழுதினேனே, அந்தச் சின்ன வேலை இதுதான்.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை? மீசையைப் பந்தயம் வைத்தவரிடம் எப்படிச் சொல்ல. உங்கள் கண்ணில்தான் ஏதோ என்று அன்றைக்கே தோன்றியது. அதனால்தான் திரை, போர்டு என்று கேட்டேன். நீங்கள் ஜோக் அடித்ததும் உறுதியாகிவிட்டது. தெரிந்திருந்தால் முதல் வார்த்தையிலேயே நிறத்தைச் சொல்லியிருப்பீர்கள். சொல்லாமல் விட்டது மரியாதை என்று நினைத்தேன். அது உங்களை மூன்று வாரம் வறுத்தெடுக்கும் என்று தெரியவில்லை. மீன்காரரிடம் கொடுத்த கடிதத்தை நினைத்தால் எனக்கே என்னை அறைய வேண்டும் போலிருக்கிறது.

எழுத்து கோணலாக இருக்கிறது, மன்னியுங்கள். கயிறு சுற்றுகிற கைப்பிடி விலாவில் இடித்துவிட்டது, மணிக்கட்டும் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. ஒன்றுமில்லை. கேப்டன் அம்மா இங்கேயே கடையில் புதுப்பட்டை வாங்கி இரண்டு பக்கமும் மாற்றிவிட்டார். பழையதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இப்போது நான் பந்தயம் வைக்கிறேன். நீங்கள் கண் டாக்டரிடம் போகாவிட்டால் நான் இந்தப் படகிலேயே இன்னொரு சுற்றுப் போவேன். கடைசித் துறைமுகத்தின் முகவரி பின்னால் இருக்கிறது. மே நடுவில் போய்ச் சேருவோம்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

சில்வண்டு


ஏப்ரல் 16

அன்புள்ள சில்வண்டுக்கு,

அப்பா சொல்ல அம்மா எழுதுவது. (நான் எழுதுகிறேன். உன் அம்மா. இதுதான் உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம், இவர் சொல்வதை எழுதுவதற்காக என்று நினைத்துக்கொள்.) இங்கே இருவரும் நலம். வலது கண்ணில் நேற்று ஆபரேஷன் நடந்தது. கட்டுப் போட்டிருக்கிறார்கள். (ஆபரேஷன் மேஜையில் படுத்துக்கொண்டு டாக்டரிடம் எத்தனை தையல் போடுவீர்கள் என்று கேட்டாராம். தையல் இல்லை என்றதும் நம்பிக்கை போய் எழுந்து உட்கார்ந்துவிட்டாராம்.) அதை எழுதச் சொல்லவில்லை. (எழுதிவிட்டேன்.)

உன் கடிதத்தை வாசித்து, எல்லாவற்றையும் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. (பட்டேன். ஒரு வருஷமாகக் கண் தெரியாமல் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார், எனக்குத் தெரியவில்லை. யார் மேல் படுவது என்று தெரியாமல் இருந்துவிட்டேன்.) மீசையை எடுத்துவிட்டேன். பந்தயம் பந்தயம்தான். (சகிக்கவில்லை. யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டது போலிருக்கிறது.)

கட்டு அவிழ்த்ததும் முதல் வேலையாக லாரி ஸ்டாண்டுக்குப் போகப் போகிறேன். போன ஒரு வருஷத்தில் நான் தைத்த பட்டை எல்லாவற்றையும் திரும்ப வாங்கிப் பார்க்க வேண்டும். (போக விடமாட்டேன். டிரைவர்களை இங்கே வரச் சொல்லியிருக்கிறேன்.)

திரை பச்சை நிறமாம். (பச்சை இல்லை, கிளிப்பச்சை.)

உடம்பைப் பார்த்துக்கொள். விலா வலி எப்படி?

அன்புடன்
அப்பா

(குல்லாய் போட்டுக்கொள். அம்மா.)


மே 20

அன்புள்ள அப்பாவுக்கு, அம்மாவுக்கு,

படகைச் சேர்த்துவிட்டோம். சொந்தக்காரர் மேல்தளத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "கீறல் இல்லையே" என்றார். எங்கள் மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்க்கவே இல்லை. வாத்தியார், துறைமுகத்தில் நின்ற நாள் போக, மொத்தம் எழுபத்தொன்பது நாள், இருநூற்று முப்பத்தேழு சாப்பாடு என்று கணக்கை முடித்தார். முதல் வாரத்துக்கு மட்டும் தள்ளுபடி. நான் சுகம். விலா சரியாகிவிட்டது.

அம்மா, உன் எழுத்தை நாலு பக்கமாக மடித்துக் குல்லாய்க்குள் வைத்திருக்கிறேன். அதற்கு மேல் எழுதினால் நீ திட்டுவாய்.

அப்பா, இத்துடன் ஒரு துண்டு அனுப்புகிறேன். பழைய இடது பட்டையின் முன்வளையம், நான் தைத்தது. வெட்டி எடுத்தேன். புதுக்கண்ணால் பார்த்து மார்க் போடுங்கள். வாத்தியாரைப் போலத் தாராளம் காட்ட வேண்டாம்.

ஜூன் கடைசியில் வீட்டுக்கு வருகிறேன். ஒரு மாதம் இருப்பேன்.

உங்கள்
சில்வண்டு


ஜூன் 4

அன்புள்ள சில்வண்டுக்கு,

அப்பா எழுதுவது, என் கையாலேயே. இங்கே எல்லோரும் நிஜமாகவே நலம். வரி நேராகப் போகிறதா பார். இடது கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் கொடுத்திருக்கிறார்கள்.

புதுக்கண் வந்ததில் ஒரு தொந்தரவு, எல்லாம் தெரிகிறது. கடைச் சுவர் இவ்வளவு அழுக்கு என்று யாரும் சொல்லவில்லை. கண்ணாடியில் மீசையில்லாத ஒரு ஆள் என்னையே பார்க்கிறான், பார்த்தால் கடன் கொடுக்கத் தோன்றாத முகம். பதினாலு லாரிப் பட்டையில் ஒன்பது திரும்பி வந்தன. இரண்டில் பருத்தி. அவிழ்த்துத் தைத்துக் கொடுத்தேன். நெட்டை டிரைவர் "என்ன மேஸ்திரி, குடுத்த பொண்ணைத் திருப்பிக் கேக்குற மாதிரி கேக்குறீங்க" என்றான். மீதி ஐந்து ஓட்டத்தில் இருக்கின்றன. அவை வந்து சேரும்வரை எனக்குத் தூக்கம் பாதிதான்.

உன் துண்டு வந்தது. மார்க் போடுகிறேன். தையல் அங்குலத்துக்கு ஐந்து, நான் ஆறு போடுவேன். இரண்டாவது வரிசை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. மூலையில் திரும்புமிடத்தில் ஒரு குத்து கூடுதல். நூல்முனையை நன்றாகச் சுட்டிருக்கிறாய், மணி உருண்டை. நூற்றுக்கு எழுபது.

அதற்கப்புறம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்காதவன்தான், ஆனால் பட்டை படிக்கத் தெரியும். துறைமுகத்தில் ஆள் சாய்ந்தால், காற்றில் தொங்கிக்கொண்டு பாய் சுருட்டினால், எல்லா வரிசையும் ஒன்றுபோல இழுபடும். இதில் முதல் இரண்டு வரிசைத் துளைகள் மட்டும் நீண்டு, அரிசி மாதிரி இருக்கின்றன. வளைகிற இடத்தில் பட்டை இடுப்பு சிறுத்திருக்கிறது. ஓடுகிற லாரி திடீரென்று பிரேக் போட்டு, மேலே இருக்கிற பாரம் முழுக்க ஒரே வெட்டில் வந்து விழுந்தால் பட்டை இப்படி ஆகும். வேறு எதற்கும் ஆகாது.

ஐந்து நாள் தாமதம். விலா. மணிக்கட்டு. ஒரு வருஷம் தாங்கும் என்று நீ எழுதிய பட்டையை ஐந்து வாரத்தில் கேப்டன் அம்மா மாற்றியது. எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். நீ படகிலிருந்து விழுந்திருக்கிறாய், இந்த வளையம்தான் உன்னைப் பிடித்திருக்கிறது.

அந்த இடத்தில் என் தையல் இருந்திருந்தால் என்பதை எழுத இரண்டு தடவை பேனாவை எடுத்தேன். எழுத வேண்டாம்.

எனக்குத் தெரிந்துவிடும் என்று தெரிந்துதான் அனுப்பினாயா, கண்ணு? வந்து சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. நான் கேட்க மாட்டேன். மார்க்கை மட்டும் திருத்திக்கொள்கிறேன். நூற்றுக்கு நூறு.

உன் அம்மாவிடம் இதைக் காட்டவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டே மூன்று நாள் நடந்தேன். நேற்று சாயங்காலம் கடையிலிருந்து வந்தால், துவைத்த துணிகளுக்கு நடுவே கொடியில் அது காய்ந்துகொண்டிருக்கிறது. உப்புப் போக அலசியிருக்கிறாள். இரண்டு கிளிப் போட்டிருக்கிறாள், ஒன்று போதாது என்று. பட்டைக்காரன் பெண்டாட்டி, அவளுக்கும் படிக்கத் தெரியாதா? நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் அந்த வளையத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

"கெட்டியாத்தான் தச்சிருக்கா எம் பொண்ணு" என்றாள். உள்ளே போய், வானிலை சொல்லிக்கொண்டிருந்த ரேடியோவை நிறுத்தினாள்.

பார்த்து வா. வாசக்கதவு திறந்தே இருக்கும்.

அன்புடன்
அப்பா